டயட்டீஷியன் ஆக மூன்று மாத கோர்ஸ் போதுமா?

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல் படித்தேன். டயட்டீஷியன் ஆக ஆசை. ஆன்லைனில் மூன்று மாத கோர்ஸ் முடித்தாலே போதும் என்கிறார் சித்தப்பா. அது சரியா? இந்த வேலையில் எதிர்காலம் உண்டா?

பதில்: உடல் இளைக்க டயட் சார்ட் எழுதித் தருவதுதான் வேலை என்று நினைத்தால் சித்தப்பா சொல்வது சரியாகத் தோன்றும். ஆனால் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர், "இளநீர் குடிக்கலாமா?" என்று கேட்டால்? அதில் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் அது கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவைப் படிக்கத் தெரிய வேண்டும். பொட்டாசியம் குறைய, காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டுச் சமைக்கும்படி வீட்டாருக்குப் புரியவைக்கவும் வேண்டும். ஐசியுவில் இருப்பவருக்கு டியூப் வழியாக எவ்வளவு கலோரி, எவ்வளவு புரதம் தருவது என்ற கணக்கும் உங்களுடையதுதான்.

அதனால் மூன்று வருட பி.எஸ்சி. நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸில் சேருங்கள். கோவை அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இந்தத் துறைக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. அப்புறம் எம்.எஸ்சி. அல்லது முதுகலை டிப்ளமோ, ஆறு மாத மருத்துவமனை இன்டர்ன்ஷிப். அதன் பிறகு இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷன் நடத்தும் 'ஆர்.டி.' (ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்) தேர்வை எழுதலாம். பெரிய மருத்துவமனைகளில் இந்தத் தகுதிக்கு மதிப்பு அதிகம். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான மத்தியச் சட்டத்தில் டயட்டீஷியன்களும் அடக்கம். அந்தச் சட்டத்தை ஒட்டியே, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து ஊட்டச்சத்து, டயட்டெடிக்ஸ் பட்டங்களை ஆன்லைனிலும் தொலைதூர முறையிலும் நடத்த பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தடை விதித்திருக்கிறது.

ஆரம்பச் சம்பளம் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். சிறுநீரகம், சர்க்கரை நோய், குழந்தைகள் நலம் என ஒன்றில் ஆழமாகப் போனால் நிலைமை மாறும். விளையாட்டு அணிகள், உணவு நிறுவனங்கள், சொந்த கிளினிக் என்று வேறு வழிகளும் உண்டு. ஆனால் பணத்தைத் தாண்டியும் ஒன்று கிடைக்கும். கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறிய பெண், இன்சுலினுக்குப் போகாமல் சாப்பாட்டு மாற்றத்திலேயே அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்று சொல்லும்போது வரும் நிறைவு சாதாரணமானதல்ல.

கல்லூரியில் சேருமுன் ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: மாணவிகளை எந்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள், வார்டுக்குள் விடுவார்களா, சமையற்கூடத்தோடு நிறுத்திவிடுவார்களா? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.