முன்பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

கல்லூரிச் சேர்க்கை: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மகன் பிளஸ் டூவில் கணிதம் 88, இயற்பியல் 82, வேதியியல் 84 எடுத்திருக்கிறான். ரிசல்ட் வந்த மறுநாளே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியிலிருந்து போன். ‘கம்ப்யூட்டர் சயின்ஸில் நாலு சீட்தான் இருக்கிறது, 50,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினால் பிடித்து வைக்கிறோம், கவுன்சலிங் வரை காத்திருந்தால் போய்விடும்’ என்கிறார்கள். என்ன செய்வது?
- ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். அவர்கள் பேசுவது மேனேஜ்மென்ட் கோட்டா இடங்களைப் பற்றி. சுயநிதிக் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தையும், சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் அரசு கவுன்சலிங்குக்கு ஒப்படைக்கின்றன. அந்த இடங்களைக் கல்லூரி யாருக்கும் பிடித்து வைக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. மேனேஜ்மென்ட் சீட் தீர்ந்தாலும் கவுன்சலிங் சீட் அப்படியே இருக்கும்.

உங்கள் மகனின் கட் ஆஃப், அதாவது கவுன்சலிங்குக்கான மதிப்பெண், 200க்கு 171. கணிதம் 100க்கு 88 அப்படியே. இயற்பியலும் வேதியியலும் 50க்குக் கணக்கிட்டால் 41, 42. கவுன்சலிங் இணையதளத்தில் முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவு, எந்தச் சமூகப் பிரிவினருக்கு எவ்வளவு கட் ஆஃபில் முடிந்தது என்ற பட்டியல் இருக்கிறது. பொதுப் பிரிவு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ‘நமக்குக் கிடைக்காது’ என்று பலர் மேனேஜ்மென்ட் பக்கம் போய்விடுகிறார்கள். உங்கள் சமூகப் பிரிவின் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது பணக் கணக்கு. கட்டண நிர்ணயக் குழு 2017இல் வகுத்தபடி, தேசிய அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு கவுன்சலிங் இடத்தில் ஆண்டுக்கு 55,000 ரூபாய், மேனேஜ்மென்ட் இடத்தில் 87,000. அங்கீகாரம் இல்லாத பிரிவுக்கு 50,000, 85,000. (சேருகிற ஆண்டுக்கான அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) அதே வகுப்பறை, அதே ஆசிரியர், அதே பட்டம். ஆனால் அங்கீகாரம் பெற்ற பிரிவில் ஆண்டுக்கு 32,000 வித்தியாசம், நான்கு ஆண்டில் 1,28,000. உங்கள் குடும்பத்தில் மகன்தான் முதல் பட்டதாரி என்றால் கவுன்சலிங் இடத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் இடத்தில் கிடையாது. அப்போது வித்தியாசம் 2,28,000 ஆகிவிடும். விடுதி, மெஸ், பஸ் செலவு இரண்டிலும் தனி.

நன்கொடை, பில்டிங் ஃபண்ட் என்று ரசீதில்லாமல் கேட்பது வேறு கதை. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்குவதை 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு கேபிடேஷன் கட்டணத் தடைச் சட்டம் தடை செய்கிறது. ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு நாளை எந்த அலுவலகத்திலும் உங்களால் கணக்குக் காட்ட முடியாது.

ஆகவே முதலில் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்யுங்கள். சாய்ஸ் (விரும்பும் கல்லூரி, பாடப்பிரிவுகளின் வரிசை) கொடுக்கும்போது பலரும் செய்யும் தவறு, ‘எது கிடைக்கும்’ என்று யோசித்து வரிசைப்படுத்துவது. எது வேண்டுமோ அதை மேலே போடுங்கள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால்தான் கணினி அடுத்ததற்குப் போகும். மேலே ஆசைப்பட்டதால் கீழே உள்ளதை இழக்க மாட்டீர்கள். பத்துப் பன்னிரண்டோடு நிறுத்தாதீர்கள், எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருப்பதால் பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். பிரவுசிங் சென்டரில் கொடுத்து நிரப்பச் சொன்னால் பாஸ்வேர்டும் ஓடிபி வரும் போனும் உங்களிடமே இருக்கட்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் உறுதி செய்ய மிகச் சில நாட்களே தருவார்கள்; அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் வேண்டாம். கிடைத்ததை ஏற்று, மேல் வரிசையில் உள்ளதற்கும் காத்திருக்கும் வாய்ப்பு உண்டு. உறுதி செய்தபின் கெடு தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் மேனேஜ்மென்ட் சீட்தான் என்று முடிவெடுத்தால், நான்கு ஆண்டுக் கட்டண விவரத்தைக் கல்லூரி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். பணம் கல்லூரியின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும், ஏஜென்ட் கணக்குக்கு அல்ல.

கேள்வி: மகளுக்கு ஒரு கல்லூரியில் பணம் கட்டிவிட்டோம். இப்போது கவுன்சலிங்கில் வேறு கல்லூரி கிடைத்திருக்கிறது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்களைத் தர மறுக்கிறார்கள், நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டச் சொல்கிறார்கள்.
- ஒரு தாய், விழுப்புரம்

பதில்: இரண்டுமே விதிமீறல். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழு, ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) இரண்டின் விதியும். படிக்காத ஆண்டுகளுக்குக் கட்டணம் கேட்கவும் முடியாது.

பொறியியல் கல்லூரி என்றால், வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். வகுப்பு தொடங்கிய பின் விலகி, அந்த இடத்தில் வேறு மாணவர் சேர்ந்துவிட்டால், படித்த மாதங்களுக்கான கட்டணத்தையும் விடுதி வாடகையையும் மட்டும் கழிக்கலாம். இதனால்தான் விலகும் தேதி முக்கியம். நேரில் சொல்லிவிட்டு வந்தால் ‘அவர் சொல்லவே இல்லை’ என்பார்கள். இன்றே விலகல் கடிதம் எழுதி, ரசீது நகல், வங்கிக் கணக்கு விவரத்துடன் மின்னஞ்சலிலும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் முதல்வருக்கு அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் ஏஐசிடிஇ குறைதீர் தளத்தில் புகார் செய்யுங்கள். கலை அறிவியல் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் மானியக் குழுவின் ‘இ-சமாதான்’ தளம். புகாரின் நகலைக் கல்லூரிக்கும் அனுப்புங்கள். பல இடங்களில் அந்த நகல் போன பிறகுதான் அலமாரி திறக்கிறது.

கேள்வி: அக்கா பி.காம். முடித்திருக்கிறாள். தம்பிக்கு முதல் பட்டதாரிச் சான்று கிடைக்குமா?
- கரூர் வாசகர்

பதில்: கிடைக்காது. பெற்றோர் படிக்கவில்லை என்பது மட்டும் போதாது, உடன்பிறந்தவர்களிலும் பட்டதாரி இருக்கக் கூடாது. தகுதி உள்ளவர்கள் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகத்தின் சான்று பெற வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கை மாறி வருவதால் ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பாருங்கள்: அதில் வரும் இடத்துக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

கேள்வி: கல்விக் கடனை நம்பித்தான் சேர்க்கிறோம். எவ்வளவு கிடைக்கும்? வட்டி எப்படி ஏறும்?
- ஒரு பெற்றோர், நாகர்கோவில்

பதில்: கல்விக் கடனுக்கான ‘வித்யாலட்சுமி’ இணையதளத்தில் விண்ணப்பியுங்கள், நேரில் போய் மறுக்கப்பட்டால் கையில் ஒரு தாள்கூட இருக்காது. 4 லட்சம் வரை உங்கள் பங்காகப் பணம் போட வேண்டியதில்லை. அதற்கு மேல் 5 சதவீதம் உங்கள் பங்கு. 7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் வீட்டுப் பத்திரம் கேட்கக் கூடாது. மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கடன் கொடுக்க இசைந்தாலும், அரசு அங்கீகரித்த கட்டணத்தை மட்டுமே வங்கி கணக்கில் எடுக்கும். கல்லூரி கூடுதலாகக் கேட்பது முழுக்க உங்கள் சட்டைப்பையிலிருந்துதான்.

படிப்புக் காலத்திலும் அடுத்த ஓராண்டிலும் தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் ஆண்டில் வாங்கிய 1 லட்சத்துக்கு 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்தால், ஐந்து ஆண்டில் 50,000. அது அசலோடு சேர்ந்துதான் மாதத் தவணை போடுவார்கள். முடிந்தால் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கோ பாடப்பிரிவுக்கோ தேசிய அங்கீகாரம் இருந்தால், தொழிற்கல்விப் படிப்புக்குத் தவணை இல்லாத அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசின் மானியத் திட்டம் ஏற்கும். வருமானச் சான்றைக் கடன் வாங்கும்போதே கொடுத்து, கிளையில் பதிவு செய்தார்களா என்று கேளுங்கள். இதை விட்டுவிட்டு, படிப்பு முடிந்தபின் வட்டியைப் பார்த்து அதிர்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும் இந்தச் சலுகைகள் உண்டா?
- தாம்பரம் வாசகி

பதில்: அவை கவுன்சலிங்கில் இல்லை. நுழைவுத் தேர்வும் கட்டணமும் அவர்களே வைத்துக்கொள்வது. முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொன்னால், இரண்டாம் ஆண்டில் அது தொடர எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ‘100 சதவீத வேலை’ என்ற விளம்பரத்துக்கு, உங்கள் பிள்ளையின் பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் இருப்பவரின் சம்பளம் என்ன என்று கேளுங்கள். அதிகபட்ச சம்பளம் ஒரே ஒருவருக்குக் கிடைத்ததாக இருக்கலாம்.

கேள்வி: பி.எஸ்சி.க்கு ஒரே கல்லூரியில் இரண்டு கட்டணம் சொல்கிறார்களே?
- தஞ்சாவூர் வாசகர்

பதில்: அரசு உதவி பெறும் பிரிவுக்குக் கட்டணம் குறைவு, சுயநிதிப் பிரிவுக்குப் பல மடங்கு. விண்ணப்பத்தில் இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். சுயநிதியில் சேர்ந்துவிட்டாலும் உதவி பெறும் பிரிவின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று சேர்க்கை முடியும்வரை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள்.