ராக்ஸ்டெடியில் மூன்று குரல் குழுக்கள் ஏன் இவ்வளவு அதிகம்? எப்படிக் கேட்டுப் பழகுவது?

ஜமைக்காவில் 1966 வாக்கில் ஸ்கா என்ற துள்ளல் நடன இசையின் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி பிறந்ததுதான் முக்கியக் காரணம். ஊதுகருவிகள் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் பேஸ் கிட்டாரும் கூட்டுக் குரல்களும் வந்து உட்கார்ந்தன. முன்மாதிரி அமெரிக்காவின் இம்ப்ரெஷன்ஸ் குழு. அதன் பாடகர் கர்டிஸ் மேஃபீல்டின் மெல்லிய உச்சக்குரல் சாயல் ஜமைக்காவின் டெக்னிக்ஸ் குழுவின் ஸ்லிம் ஸ்மித்திடம் நன்றாகத் தெரியும்.

காது பழக, ஜான் ஹோல்ட் எழுதி, அவர் முன்னணிப் பாடகராக இருந்த பாராகன்ஸ் குழு 1967-இல் பாடிய 'தி டைட் இஸ் ஹை' போதும் (அமெரிக்க ராக் குழு பிளாண்டி 1980-இல் பாடியதும் இதைத்தான்). முதல் தடவை ஹோல்ட்டை விட்டுவிட்டு, பின்னால் இழையும் இரண்டு குரல்களை மட்டும் பிடியுங்கள். அடுத்த தடவை பேஸ். அது விட்டுவிட்டு வரும். அந்த இடைவெளியில்தான் குரல்கள் மூச்சுவிடுகின்றன. போன் ஸ்பீக்கரில் பேஸ் கரைந்துபோகும், பாட்டே சப்பென்று ஆகிவிடும். ஹெட்போன் கட்டாயம்.

பிறகு ஹெப்டோன்ஸ் என்ற மூவர் குழுவைக் கேளுங்கள். அதன் முன்னணிப் பாடகர் லெராய் சிப்பிள்ஸ், ஸ்டுடியோ ஒன் என்ற ஜமைக்க ஒலிப்பதிவுக் கூடத்தில் பேஸும் வாசித்தவர்.