முப்பத்தோராவது நேயர் எங்கே? பாட்காஸ்ட் கேள்வி பதில்

தங்கச்சிமடத்தில், வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து ஐந்து வருடமாக வாரம் ஒரு பாட்காஸ்ட் வெளியிடுகிறேன். கடல், கரை, இரண்டையும் நம்பிப் பிழைப்பவர்கள், இதுதான் பொருள். பின்னால் எந்த நிறுவனமும் கிடையாது. போன மாதம் ஒரு எபிசோட் முடிவில் "பாட்காஸ்ட் நடத்துகிறவர்கள் கேள்வி இருந்தால் அனுப்புங்கள்" என்று சொன்னேன். எந்த மைக் வாங்கலாம் என்றுதான் கேட்பார்கள் என நினைத்திருந்தேன். வந்ததில் முக்கால்வாசி ஒரே கேள்வி: ஆள் சேர்ப்பது எப்படி? தெரிந்ததைச் சொல்கிறேன்.

தொண்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: பாட்டி சமையல் பற்றி ஆறு மாதத்தில் 12 எபிசோட் போட்டுவிட்டேன் அக்கா. ஒவ்வொன்றையும் முப்பது பேர் கேட்கிறார்கள், அதில் பாதி சொந்தக்காரர்கள். இன்ஸ்டாகிராமில் தினமும் போஸ்டர் போடுகிறேன். ஏன் ஏறவே மாட்டேன் என்கிறது?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே தங்கச்சி. இந்த ஆறு மாதத்தில் மற்றவர்களுடைய தமிழ்ப் பாட்காஸ்ட் எத்தனை கேட்டாய்? என் முதல் வருடத்தில் யாராவது என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் பூஜ்யம் என்றுதான் சொல்லியிருப்பேன். பதிவு செய்வது, வெட்டுவது, போஸ்டர் செய்வது என்றே பொழுது போய்விடும்.

போஸ்டரைப் பார்க்கிறவர் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறார். அதை விட்டு வெளியே வந்து, வேறு ஆப்பைத் திறந்து, உன் பெயரைத் தேடி, இருபது நிமிடம் கேட்க வேண்டும். நடக்கிற காரியமா? ஏற்கெனவே இயர்ஃபோன் மாட்டி யாருடைய பாட்காஸ்டையோ கேட்டுக்கொண்டிருப்பவருக்கு ஒரு தட்டு போதும். உன் முப்பத்தோராவது நேயர் இந்த நிமிடம் வேறொருவர் நிகழ்ச்சியில் இருக்கிறார். அது யாருடைய நிகழ்ச்சி என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

வாரம் இரண்டு புது நிகழ்ச்சி கேள். ஒரு நோட்டில் நாலு விஷயம் எழுது: யார் நடத்துகிறார், எதைப் பற்றி, கடைசி எபிசோட் எந்தத் தேதி, உனக்கு எது பிடித்தது. தேதி முக்கியம். பத்து எபிசோடோடு நின்றுபோன பாட்காஸ்ட் தமிழில் ஏராளம். அவர்களுக்குக் கடிதம் எழுதி ஏமாறாதே. சமையல் நிகழ்ச்சிகளை மட்டும் தேடுவதும் வீண். பாட்டி மருத்துவம், ஊர்க் கதை, வெளிநாட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகள் பேசுகிற நிகழ்ச்சி, இவையெல்லாம்தான் உனக்குப் பக்கத்து வீடு. நண்டு ரசம் வைக்கத் தெரியாமல் ஏங்குகிறவர் அங்கேதான் இருப்பார்.

கீழக்கரை நேயர்: புது நிகழ்ச்சிகளை எங்கே தேடுவது? ஆப்பைத் திறந்தால் சினிமா, பேய்க் கதை, தன்னம்பிக்கை. திரும்பத் திரும்ப அதே பத்துப் பெயர்.

முகப்பில் வருவதெல்லாம் ஏற்கெனவே பெரிதானவை. அதைத் தாண்டித் தேடினால்தான் உண்டு.

ஒரே சொல்லை இரண்டு விதமாகத் தட்டுங்கள். "மீனவர்" என்று தமிழிலும், அதையே ஆங்கில எழுத்திலும். வெவ்வேறு பட்டியல் வரும். பாதிப் பேர் தலைப்பை ஆங்கில எழுத்தில்தான் வைத்திருக்கிறார்கள். (உங்கள் நிகழ்ச்சிக்கும் இது பாடம். பெயர் தமிழில் இருந்தால் நடத்துபவர் பெயரையாவது ஆங்கில எழுத்தில் போடுங்கள். தேடுகிறவர் எந்த எழுத்தில் தட்டுவார் என்று யார் கண்டது?) லிசன் நோட்ஸ் என்று பாட்காஸ்டுக்கென்றே ஒரு தேடுதளம் இருக்கிறது. 2020இல் ஆரம்பித்த பாட்காஸ்ட் இன்டெக்ஸும் அப்படித்தான். முகப்பைத் தாண்டித் தேட இவை உதவும்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது விருந்தினரைப் பின்தொடர்வது. பவளப்பாறை பற்றிப் பேச ஒரு ஆய்வாளரை அழைத்திருந்தேன். அவர் பெயரைத் தேடினால் வேறு மூன்று நிகழ்ச்சிகளில் பேசியிருக்கிறார். மூன்றுமே நான் கேள்விப்படாதவை. அவற்றில் ஒன்றை நடத்துகிறவர்தான் இன்றைக்கு எனக்கு மிக நெருங்கிய பாட்காஸ்ட் சிநேகிதி.

அப்புறம், கடலுக்கு அந்தப் பக்கமும் பாருங்கள். நம் கரையில் ஐம்பது தாண்டியவர்கள் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். அப்துல் ஹமீது குரலை இரண்டு சொல்லிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். மன்னார், யாழ்ப்பாணம், அங்கிருந்து டொராண்டோ, லண்டன் போனவர்கள் நடத்தும் தமிழ் நிகழ்ச்சிகளை நம் ஆட்கள் தேடுவதே இல்லை. அதே கடல், அதே மீன், மீனுக்குப் பெயர் மட்டும் சில இடங்களில் வேறு. அதை வைத்தே ஒரு எபிசோட் பேசலாம்.

கடைசியாக, உங்கள் முப்பது பேரிடமே "வேறு என்ன கேட்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஐந்து பேர் பதில் சொன்னாலும் அதுதான் உங்கள் வரைபடம்.

மண்டபத்திலிருந்து ஒரு ஆசிரியர்: மற்ற பாட்காஸ்டர்களுக்கு மெயில் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. என்ன எழுத வேண்டும்?

என்ன எழுதக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும் சார். இரண்டாம் வருடம், ஒரு ராத்திரி உட்கார்ந்து நாற்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினேன். "உங்கள் நிகழ்ச்சி அருமை, நாம் சேர்ந்து ஏதாவது செய்யலாம்." ஒட்டி ஒட்டி அனுப்பியதில் ஒருவருக்கு இன்னொருவர் நிகழ்ச்சியின் பெயர் போய்விட்டது. மொத்தம் வந்தது ஒரே பதில், அவரிடமிருந்து: "நீங்கள் பாராட்டியிருப்பது என் நிகழ்ச்சியை இல்லையே, அம்மா." ஒரு வாரம் மெயிலைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

அதன் பிறகு மாதம் இரண்டு பேருக்குத்தான் எழுதுகிறேன். இப்படி இருக்கும்: "உப்பளம் பற்றிய உங்கள் எபிசோடில் பதினோராவது நிமிடம் ஒரு அம்மா, காலில் வெடிப்பு வந்தால் என்ன செய்வோம் என்று சொல்கிறார். கடல்பாசி எடுக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு இறங்குவார்கள், அது ஞாபகம் வந்தது. இந்த வாரம் என் நேயர்களுக்கு உங்கள் எபிசோடைச் சொல்லியிருக்கிறேன், நான்காவது நிமிடத்தில் இருக்கிறது." அவ்வளவுதான், எதையும் கேட்பதில்லை. எபிசோடை நிஜமாகவே காதால் கேட்டிருக்கிறேன் என்று அந்தப் பதினோராவது நிமிடம் காட்டிவிடும். பதில் அநேகமாக வரும். வராவிட்டாலும் என் நேயருக்கு ஒரு நல்ல எபிசோட் கிடைத்தது.

சாயல்குடி நேயர்: புரோமோ மாற்றிக்கொள்வது என்கிறார்களே, எப்படிச் செய்வது?

உங்கள் முப்பது விநாடி விளம்பரம் அவர் எபிசோடில், அவருடையது உங்களுடையதில். காசு கிடையாது. கேட்பவர்களின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் மனத்தாங்கல் வராது.

வழக்கமாகக் கெட்டுப்போகும் இடங்களைச் சொல்கிறேன். புரோமோவை எபிசோடின் வாலில் ஒட்டுவார்கள், அதற்குள் ஆள் போயிருப்பார். நடுவில் போடுங்கள். சத்த அளவு பொருந்தாது. ஆப்பிள் பரிந்துரைக்கும் மைனஸ் 16 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இருவரும் வைத்துக்கொண்டால் காது கிழியாது. ஆடிக் காற்றில் திண்ணையில் உட்கார்ந்து பதியாதீர்கள். நான் பதிந்தேன், இரைச்சல்தான் மிஞ்சியது. எந்தத் தேதி, எந்த எபிசோட் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வையுங்கள். வாய்ப்பேச்சு மறந்துபோகும்.

பதிந்த புரோமோவை விட, அவரே தன் குரலில் "நான் இதைக் கேட்டேன், இந்த இடம் பிடித்தது" என்று சொல்வது பல மடங்கு எடுபடும். நேயர் நம்புவது அவர் குரலைத்தான். அதைவிடவும் ஒரு படி மேலே, உங்கள் முழு எபிசோடையே அவர் ஃபீடில் (ஆப்கள் எபிசோடுகளை எடுத்துக்கொள்ளும் பட்டியல்) ஒரு வாரம் போடுவது. அவர் இரண்டு நிமிடம் அறிமுகம் பேச வேண்டும். அதற்கு உங்கள் ஆகச் சிறந்த எபிசோடைக் கொடுங்கள், புதியதை அல்ல.

தேவிபட்டினம் நேயர்: லட்சம் பேர் கேட்கும் பெரிய பாட்காஸ்டரை அணுகலாமா?

அணுகலாம், ஆனால் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் அளவில் இருக்கும் ஐந்து பேரோடு முதலில் பழகுங்கள். இரண்டு வருடத்தில் அவர்களில் ஒருவர் பெரிய ஆளாகிவிடுவார், அப்போது உங்களை மறக்க மாட்டார்.

ராமேசுவரத்திலிருந்து ஒரு தம்பி: என் நிகழ்ச்சி மீன்பிடித் தொழில் பற்றியது. ஆனால் அப்பாவோ அவர் கூட்டாளிகளோ பாட்காஸ்ட் ஆப்பே வைத்திருக்கவில்லை. அவர்களை எப்படிக் கேட்க வைப்பது?

இதுதான் நம் ஊர்க் கேள்வி. ஆப் இறக்கச் சொல்லிப் போராடாதீர்கள் தம்பி, வாட்ஸ்அப்பில் ஒலிக்கோப்பாகவே அனுப்புங்கள். 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 என்றால் இருபது நிமிடம் பத்து எம்பிக்குள் அடங்கும், பேச்சுக்கு அது தாராளம். இதில் ஒரு நஷ்டம் உண்டு: அப்படிக் கேட்பது உங்கள் டவுன்லோட் கணக்கில் வராது. வராவிட்டால் போகட்டும்.

நேரமும் முக்கியம். இங்கே விசைப்படகு போவது திங்கள், புதன், சனி. கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே சிக்னல் போய்விடும். அதனால் நான் செவ்வாய் சாயங்காலமே அனுப்பிவிடுவேன். ஃபோனில் இறக்கிக்கொண்டு போனால் வலை போட்டுவிட்டுச் சும்மா இருக்கும் நேரத்தில் கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அதை விடாதீர்கள். மற்ற மாதங்களில் பிடிக்கவே முடியாத சம்மாட்டிகளும் (படகுச் சொந்தக்காரர்கள்) படகு டிரைவர்களும் அப்போது வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வருடத்துக்கான பேட்டியை எடுத்துவிடலாம். பேட்டி கொடுத்தவர் அதைத் தன் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்புவார்.

சமுதாய வானொலியையும் கேட்டுப் பாருங்கள். பாம்பனில் 2016இலிருந்து கடல் ஓசை 90.4 மீனவர்களுக்காகவே நடக்கிறது. சமுதாய வானொலி என்றால் நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும் என்பது அரசு விதி. எந்த நிலையமாக இருந்தாலும் நல்ல உள்ளூர்ப் பேச்சு தேவைப்படும். சினிமாப் பாட்டு ஒட்டாத சுத்தமான பதிவாகக் கொண்டுபோங்கள். இலவசமாகக் கொடுங்கள், உங்கள் நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னால் போதும்.

பழைய வானொலியிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: நேயர் பெயரை ஊரோடு சேர்த்து வாசிப்பது. "ஏர்வாடியிலிருந்து இன்னார்" என்று சொன்னால் அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்.

ஏர்வாடி நேயர்: நான் டவுன்லோட் எண்ணிக்கையைத் தினமும் பார்க்கிறேன். நம்பலாமா?

பாதி நம்பலாம். ஃபோன் தானாக இறக்கிவைத்து யாரும் கேட்காததும் டவுன்லோட்தான். இன்னொரு பக்கம், ஒரே ஐபி முகவரியில் (இணைய இணைப்பின் அடையாள எண்) ஒரே ஆப்பிலிருந்து ஒரே நாளில் வந்தால் ஒன்றாகவே எண்ணுவார்கள். மொபைல் டேட்டாவில் பலருக்கு ஒரே முகவரி போவதுண்டு, அப்போது எண்ணிக்கை குறையும். வாரம் ஒருமுறை பாருங்கள். புரோமோ மாற்றிக்கொண்ட வாரத்தில் மட்டும் முந்தைய நான்கு வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

உச்சிப்புளி நேயர்: காசு கொடுத்தால் ஃபாலோயர், ஐந்து நட்சத்திரம் தருகிறோம் என்று மெசேஜ் வருகிறது.

பிளாக் செய்யுங்கள்.

பாம்பன் நேயர்: ஒரு பாட்காஸ்ட் நெட்வொர்க் கூப்பிடுகிறது. சேரலாமா?

சேருவதில் தப்பில்லை, ஆர்எஸ்எஸ் ஃபீட் யார் பெயரில் இருக்கும் என்று மட்டும் முதலில் கேளுங்கள். ஆப்களுக்கு உங்கள் நிகழ்ச்சி என்பதே அந்த ஃபீட் முகவரிதான். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். ஒரு வருடம் கழித்து விலகியபோது ஃபீடைத் திருப்பிவிட மறுத்துவிட்டார்கள். பழைய நேயர்கள் அத்தனை பேரும் அங்கேயே நின்றார்கள், இவர் மறுபடி முதல் எபிசோடிலிருந்து தொடங்கினார். விலகினால் புது முகவரிக்கு 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருவதைத் தானாகப் புதியதற்குத் திருப்பிவிடுவது) செய்து தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் எதுக்கு மேடம்" என்று சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூக்கையூரிலிருந்து: அக்கா, என் நிகழ்ச்சியைக் கேட்டுச் சொல்வீர்களா?

அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு என் எடிட்டிங். எந்த எபிசோட், எந்த நிமிடத்திலிருந்து கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். கூடவே, நீங்கள் சமீபத்தில் கேட்ட இன்னொருவர் நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லுங்கள். என் நோட்டில் இந்த மாதப் பக்கம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.