ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றும் முன் பத்து எல்.இ.டி.யில் பார்த்துவிடுங்கள்

கேள்வி: என்னுடையது 2018 மாடல் பெட்ரோல் கார், பிஎஸ்4 புகை விதிப்படி வந்தது. இரண்டு மாதமாக செக் எஞ்சின் விளக்கு அணையவில்லை. கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஓபிடி அடாப்டரில் பி0171, அதாவது 'லீன்' என்று வருகிறது. ஆனால் புகைச் சான்று எடுக்கப் போன இடத்தில், ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.9 சதவீதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஷெட்டில், புகைக் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு சால்டரிங் பழக்கம் உண்டு. சென்சார் நிஜமாகவே போய்விட்டதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு சர்க்யூட் செய்துகொள்ளலாமா? (மஞ்சக்குப்பம், கடலூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: செய்யலாம். ஒரு மாலை நேர வேலைதான். ஆனால் சர்க்யூட்டுக்குப் போகும் முன் உங்கள் கேள்வியிலேயே ஒரு துப்பு இருக்கிறது, அதைப் பாருங்கள். 'லீன்' என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. கார்பன் மோனாக்சைடு ஏறுவதோ பெட்ரோல் அதிகமாகி, முழுதாக எரியக் காற்று போதாதபோது. பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு ஐட்லிங் வரம்பு 0.3 சதவீதம், உங்களுடையது அதைப்போல மூன்று மடங்கு. ஒரே எஞ்சின் பட்டினியும் கிடந்து, அஜீரணத்திலும் அவதிப்பட முடியாது. யாரோ பொய் சொல்கிறார்கள். அது சென்சார்தானா, இல்லை சென்சாரையே வேறு ஏதாவது ஏமாற்றுகிறதா என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது.

உங்கள் காலத்துக் கார்களில் பெரும்பாலும் இருப்பது சிர்கோனியா சென்சார். சுமார் 300 டிகிரி சூடு ஏறியதும் அதுவே ஒரு குட்டி பேட்டரி போல மின்னழுத்தம் தரும். புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் பக்கம், பெட்ரோல் மிஞ்சினால் 0.9 வோல்ட் பக்கம். நடுப்புள்ளி 0.45. நல்ல நிலையில் இது ஓரிடத்தில் நிற்காது. எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கக் குறைக்க மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரில் எண்கள் தாவும், ஆட்டம் பிடிபடாது. வரிசையாக எரியும் எல்.இ.டி.யில் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இதற்கென்றே வார்த்தது போல எல்எம்3914 என்ற 18 கால் (பின்) ஐசி இருக்கிறது. பத்து எல்.இ.டி.களின் நெகட்டிவ் கால்களை வரிசையாக 1, 18, 17 என்று தொடங்கி 10-ஆம் பின் வரை கொடுங்கள். பாசிட்டிவ் கால்கள் எல்லாம் 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸுக்கு, 3-ஆம் பின்னோடு சேர்த்து. எல்.இ.டி.க்குத் தனித்தனி ரெசிஸ்டர் வேண்டாம், கரண்டை ஐசியே கட்டுப்படுத்தும். 2, 4, 8 மூன்றும் மைனஸுக்கு. 1 கிலோ ஓம் பிரீசெட் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றின் இரு முனைகளை 7-க்கும் மைனஸுக்கும் கொடுத்து, நடுக்காலை 6-க்குக் கொடுங்கள். மல்டிமீட்டரை 6-ல் வைத்து, சரியாக 1 வோல்ட் வரும்வரை திருகுங்கள். இப்போது ஒவ்வொரு எல்.இ.டி.யும் 0.1 வோல்ட். 9-ஆம் பின்னைச் சும்மா விடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு விளக்கு மட்டும் எரியும். சிக்னல் 5-ஆம் பின்னுக்கு, 47 கிலோ ஓம் வழியாக. பேட்டரிக்குக் குறுக்கே ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.

கார் பேட்டரியிலிருந்து சப்ளை எடுக்க ஆசைப்படாதீர்கள். தனி 9 வோல்ட் பேட்டரி இருந்தால் சர்க்யூட்டின் மைனஸைப் பாடியில் வைக்காமல் நேரே சென்சாரின் கிரவுண்ட் ஒயரிலேயே வைக்கலாம். அளவும் சுத்தமாக வரும்.

நான்கு ஒயர் சென்சாரில் பரவலாக இரண்டு வெள்ளை ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் கிரவுண்ட். சில தயாரிப்புகளில் இரண்டு கறுப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை கிரவுண்ட். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் ஒயரிங் படத்தைப் பாருங்கள். கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக ஒரு குண்டூசியை நுழைத்துத் தொடுங்கள். ஒயரின் மேலுறையைக் குத்திவிடாதீர்கள். நம் கடற்கரைக் காற்றில் அந்தத் துளை வழியே செம்பு சீக்கிரமே பச்சை பூத்துவிடும். மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து சிக்னல் ஒயரைத் தொடுவதும் கூடாது, நல்ல சென்சாரையே கெடுத்துவிடலாம். உங்கள் ஒயர்கள் சைலன்சர் பைப்பிலும் ஃபேனிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும்; மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சாவி போட்டால் பல கார்களில் நான்காவது விளக்கு அசையாமல் எரியும். அது கம்ப்யூட்டர் கொடுக்கும் வோல்டேஜ், சென்சார் இன்னும் எழுந்திருக்கவில்லை. நன்றாகச் சூடேறியபின் 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள். விளக்கு இரண்டுக்கும் எட்டுக்கும் இடையே விடாமல் ஓடினால் சென்சார் உயிரோடு இருக்கிறது. அப்புறம் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அமுக்கி விடுங்கள். அமுக்கும்போது எட்டு, ஒன்பதுக்குத் தாவ வேண்டும். விட்டதும் அடிமட்டத்துக்கு விழ வேண்டும். இதைத் தயங்கித் தயங்கிச் செய்தால் சென்சாருக்கு வயதாகிவிட்டது. எதற்கும் அசையவே இல்லை என்றால் முதலில் கனெக்டரையும் ஹீட்டர் ஃப்யூஸையும் பாருங்கள், பிறகு சென்சாரை மாற்றலாம்.

உங்கள் காரில் நான் எதிர்பார்ப்பது வேறு: ஐட்லிங்கில் விளக்கு ஒன்றிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், ஆர்பிஎம் ஏறினால் ஒழுங்காக ஆடும். அப்படியானால் சென்சாருக்கு முன்னால், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டிலோ பைப் இணைப்பிலோ, துரு அரித்த ஓட்டை இருக்கலாம். புகை துடித்துத் துடித்து வெளியேறும்போது அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து 'லீன்' என்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டுகிறது. கார்பன் மோனாக்சைடு ஏறுகிறது. சென்சார் பார்த்ததைத்தான் சொன்னது, பாவம். எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் பக்கம் வேக்யூம் ஓஸ் கிழிந்திருந்தாலும் 'லீன்' வரும். ஆனால் அங்கே கூடுதல் பெட்ரோலுக்கு நிஜமாகவே காற்று இருப்பதால் கார்பன் மோனாக்சைடு இப்படி ஏறாது. பிளக் சரியாக அடிக்காவிட்டாலும் சென்சார் ஏமாறும், அப்போது எகிறுவது ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல்.

நானும் ஒருமுறை புது சென்சார் வாங்கிப் போட்ட பிறகுதான் பைப்பைக் குனிந்து பார்த்தேன். பழைய சென்சார் இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது, நல்ல நிலையில்.

ஓட்டையைத் தேடக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவர் கையுறை போட்டு ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில விநாடி பாதி மூட, நீங்கள் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் காது கொடுங்கள். குமிழியோ 'உஸ்' சத்தமோ காட்டிக்கொடுக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 கார்கள் பலவற்றில் முன் சென்சார் வைட்பேண்ட் வகை. அது வேறு முறையில் இயங்குவது, இந்தச் சர்க்யூட் அதற்கு உதவாது. கம்ப்யூட்டருக்குப் பொய் சிக்னல் கொடுத்து விளக்கை மட்டும் அணைக்கும் சர்க்யூட்டை யாராவது காட்டினால் வாங்கிவிடாதீர்கள். விளக்கு அணையும், புகை டெஸ்டில் அதே 0.9 வரும்.

ஓட்டையை அடைத்ததும் எரர் கோட்டை அழித்துவிட்டு, ரெட்டிச்சாவடி வரை ஒருமுறை ஓட்டிவிட்டு வாருங்கள். எப்படியும் புதுச்சேரி பக்கம் பெட்ரோல் போடப் போகிறவர்தானே! திரும்பி வந்ததும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் சூடு ஆறுவதற்குள் டெஸ்டுக்கு விட்டுவிடுங்கள்.