லட்விக் பேட்ஜும் கூடுதல் ஓட்டைகளும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகன் லட்விக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய டிரம் செட் ஒன்றை வாங்கத் துடிக்கிறான். 1964-ல் செய்தது, பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் வாசித்த அதே பிளாக் ஆய்ஸ்டர் பேர்ல் (கறுப்பும் வெள்ளையும் கலந்து முத்துச்சிப்பி போல மின்னும் உறை) என்கிறார் விற்பவர். மூன்று டிரம்மிலும் மூன்று வேறு எண்கள் இருக்கின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்த்து ஒப்பேற்றிய செட்டா? - வாசகி, திருச்சி

பதில்: எண் வேறு வேறாக இருப்பதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். லட்விக்கில் ஒவ்வொரு டிரம்முக்கும் தனி எண்தான், செட்டுக்கு ஓர் எண் என்று கிடையாது. எண் போடவே 1963 கடைசியில்தான் ஆரம்பித்தார்கள். அந்த எண் இருக்கும் பேட்ஜை (டிரம்மின் பக்கத்தில் அடித்த கம்பெனிப் பெயர்த் தகடு) வரிசைப்படி எடுத்து அடித்ததாகவும் சொல்ல முடியாது. 1964 பிப்ரவரி 9-ம் தேதி எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்தபோது பேஸ் டிரம் முகத்தில் லட்விக் பெயரை அமெரிக்காவே பார்த்துவிட்டது. அப்புறம் சிகாகோ தொழிற்சாலைக்கு வந்து குவிந்த ஆர்டருக்கு, கையில் கிடைத்த பேட்ஜை அடித்து அனுப்பினால் போதும் என்றுதான் இருந்திருக்கும். அதனால் எண்ணை வைத்து ஏறக்குறைய எந்த வருஷம் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

ஒரு பக்கத் தோலைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாதம், நாள், வருஷம் என்று மையில் குத்திய முத்திரை இருந்தால் பாதி வேலை முடிந்தது. பல டிரம்களில் அது இருக்கும், இல்லாததும் உண்டு. 1964 ஷெல் (டிரம்மின் உருளை உடல்) என்றால் மூன்று அடுக்கு மரம், மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் வலுவுக்கு ஒட்டிய மர வளையம், உள்ளே மரம் தெரிகிற மாதிரி வார்னிஷ். உள்பக்கம் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பெயின்ட் தெரிந்தால் அது 1968-ஐ ஒட்டி வந்த பழக்கம். வளையமே இல்லாத ஆறு அடுக்கு ஷெல் என்றால் எழுபதுகளின் பிற்பாதி, விற்பவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

பேட்ஜ் அந்தக் காலத்து கீஸ்டோன் பேட்ஜாக, அதாவது மேலே அகன்று கீழே குறுகிய வடிவத்தில் இருக்க வேண்டும். நீலமும் ஆலிவ் பச்சையும் கலந்த பேட்ஜ் 1969 வாக்கில்தான் வந்தது. ஆனால் ஏமாற்ற நினைப்பவன் முதலில் மாற்றுவதும் பேட்ஜைத்தான். காற்றுத் துளையில் அடித்த சின்ன உலோக வளையம்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பேட்ஜை எடுக்க வேண்டுமென்றால் அந்த வளையத்தைச் சிதைத்தே ஆக வேண்டும். பேட்ஜ் மங்கிக் கிடக்க வளையம் மட்டும் புதுப் பாத்திரம் போல மின்னினால் ஏன் என்று கேளுங்கள்.

எனக்குப் பேட்ஜைவிட, பிற்பாடு யாரோ துளைத்த ஓட்டைகள் மேல்தான் நம்பிக்கை. அடைத்த ஓட்டை, உள்ளே மரத்துண்டு செருகிய ஓட்டை, எதற்கென்றே தெரியாத ஓட்டை ஒன்று இருந்தாலும் விலையைக் கணிசமாகக் குறைத்துக் கேட்கலாம். ஒரு லக்கை (தோலை இறுக்கும் ஸ்க்ரூ மாட்ட ஷெல்லில் பொருத்திய உலோகத் துண்டு) கழற்றினால் இன்னொன்றும் தெரியும். ஆய்ஸ்டர் பேர்லில் இருக்கிற வெள்ளை, வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சள் தட்டிப் போகும். லக்குக்கு அடியில் வெளிச்சம் படாததால் அந்த இடம் மட்டும் வெளுப்பாக லக்கின் வடிவத்திலேயே நிற்கும். அடியிலும் வெளியிலும் ஒரே நிறம் என்றால் பின்னாளில் புதிதாகச் சுற்றிய உறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படிச் சுற்றியதில் தப்பில்லை, ஆனால் அதற்கு ரிங்கோ விலை கேட்பதுதான் அநியாயம்.

கேள்வி: என்னிடம் லட்விக் 400 சூப்ராபோனிக் என்ற உலோக ஸ்நேர் (அடியில் கம்பிகள் கட்டிய சின்ன டிரம்) ஒன்று இருக்கிறது. பித்தளை என்று சொல்லி விற்றார்கள், காந்தம் ஒட்டவில்லை. அப்போது பித்தளைதானே? - வாசகர், கோலாலம்பூர்

பதில்: காந்தம் அலுமினியத்திலும் ஒட்டாது சார், அந்தச் சோதனை இங்கே உதவாது. 400-ஐ முதலில் பித்தளையில் செய்து மேலே குரோம் பூசினார்கள், 1963 வாக்கில் அலுமினியத்துக்கு மாறிவிட்டார்கள். தூக்கிப் பார்த்தாலே தெரியும், பித்தளை கை கனக்கும். அலுமினியத்தின் மேல் குரோம் சரியாக ஒட்டாது, வருஷம் போகப் போகப் பொடிப்பொடியாகக் கொப்புளித்து அடியில் வெள்ளையாகத் தெரியும். பித்தளையில் குரோம் தேய்ந்த இடம் மஞ்சளாகத்தான் இருக்கும், தோலைக் கழற்றி விளிம்பில் பாருங்கள். சுரண்டிப் பார்க்கிறேன் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். பித்தளை 400 பெரும்பாலும் எண் இல்லாத கீஸ்டோன் பேட்ஜோடுதான் வரும். உங்களுடையது அலுமினியம் என்று தெரிந்தாலும் தூக்கிப் போட வேண்டாம், ஸ்டூடியோக்களில் பெயர் வாங்கியது பெரும்பாலும் அந்த அலுமினிய 400-தான்.

கேள்வி: பழைய டிரம்மின் துருப்பிடித்த ஸ்க்ரூக்களை மாற்றி, லக்குகளுக்குப் புதுக் குரோம் போட்டால் நல்ல விலை போகுமா? - வாசகர், மதுரை

பதில்: போகாது. சேகரிப்பவர்கள் மங்கலான ஒரிஜினல் குரோமுக்குத்தான் காசு கொடுப்பார்கள். உலர்ந்த துணியால் துடையுங்கள், ஸ்க்ரூவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வாசிக்க முடியாத அளவுக்குப் போன பாகத்தை மட்டும் மாற்றுங்கள், கழற்றிய பழைய பாகத்தை ஒரு பையில் கட்டி டிரம்மோடேயே கொடுத்துவிடுங்கள்.