"புவியியல் படித்து என்ன செய்யப்போகிறாள்?": ஒரு தாய்க்கு எழுதியது

அன்புள்ள அம்மா,

போன கிழமை நீங்கள் வந்தபோது வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகப் பேசி அனுப்பிவிட்டேன். அப்புறம் மனது கேட்கவில்லை. மகள் புவியியல் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். "அதிகாரம், எதிர்ப்பு என்று ஆராயப் போனால் வில்லங்கம் வராதா சேர்?" என்றும் கேட்டீர்கள், ஆனால் குரலைத் தாழ்த்தி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அரசியல் புவியியல் என்ற பெயர்தான் அம்மா பெரிது. மகள் கொப்பியில் வரைந்திருந்த கடற்கரைப் படத்தைப் பார்த்தீர்களா? கரைவலைப் பாடு, அதாவது கரையிலிருந்து வலை இழுக்கிற இடம், ஒவ்வொன்றுக்கும் எல்லைக்கோடு போட்டிருக்கிறாள். எந்தப் பாடு யாருடையது, மீனவர் தங்கும் வாடி எங்கே, விடுதிக்காரர் வேலி அடைத்த பிறகு வலை இழுக்கிறவர்கள் எந்தப் பக்கத்தால் சுற்றிப் போகிறார்கள் என்று பென்சிலால் அம்புக்குறியும் போட்டிருக்கிறாள். அந்தத் துறை இதுதான். ஒரு இடம் யார் கையில் இருக்கிறது, அதை எங்கே இருந்து யார் தீர்மானிக்கிறார்கள், தீர்மானம் பிடிக்காத சனம் என்ன செய்கிறது என்று பார்ப்பது. ஊர்வலம் போவது மட்டும் எதிர்ப்பு இல்லை. வேலியைச் சுற்றிப் போவதும், பிரதேச செயலகத்துக்கு மனு எழுதிக்கொண்டே இருப்பதும் அதற்குள் அடங்கும். 2006 இல் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் கிளிவெட்டியில் எத்தனை வருடம் முகாமில் கிடந்தார்கள், சம்பூருக்கென்று போட்ட அனல்மின் நிலையத் திட்டம் 2016 இல் எப்படிக் கைவிடப்பட்டது என்பதெல்லாம் நாம் பஸ்ஸில் பேசிக்கொண்டு போகிற விசயம். இந்தத் துறைக்காரர்கள் அதையே வரைபடமும் காணி உறுதியும் வைத்து எழுதுகிறார்கள்.

வில்லங்கமே வராது என்று சொல்ல மாட்டேன். களத்துக்குப் போனால் "நீ யார், யார் அனுப்பினது?" என்று கேட்கத்தான் செய்வார்கள். பல்கலைக்கழகக் கடிதம், ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி, பேசியவர்களின் பெயரை மறைத்து எழுதும் பழக்கம் எல்லாம் அதற்காகத்தான். இன்னொன்று, முதல் ஆய்வே சூடான தலைப்பில் இருக்க வேண்டியதில்லை. இந்தத் துறையில் பெரிய பெயரான டேவிட் ஹார்வி 1961 இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் வாங்கியது, இங்கிலாந்தின் கென்ட் பக்கத்தில் பியருக்குப் போடும் ஹாப்ஸ் பயிரைப் பற்றி எழுதி! 1969 இல் அமெரிக்காவின் பால்டிமோருக்குப் போன பிறகுதான் வீடு, வாடகை, ஏழைகளின் குடியிருப்பு என்று திரும்பினார். கலிஃபோர்னியாவில் சிறைச்சாலைகள் ஏன் அப்படிப் பெருகின என்று ஆராய்ந்த ரூத் வில்சன் கில்மோர் கலாநிதிப் பட்டம் பெற்றது 1998 இல், 48 வயதளவில். மகளுக்கு அவசரம் இல்லை.

சரி, வேலை. புவியியலுக்கு வந்தாறுமூலை, யாழ்ப்பாணம், பேராதனை என்று வெளியே அனுப்பத்தான் வேண்டும். அங்கே போனதும் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குள் நுழைய வேண்டும், முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேல்நிலையோ எடுக்க வேண்டும். அது இல்லாமல் விரிவுரையாளர் கதவு அநேகமாகத் திறக்காது. அந்தத் தரம் இருந்தாலும் வெற்றிடம் எப்போதாவதுதான் வரும். அதுவரை தற்காலிக விரிவுரையாளராக, ஒப்பந்தம் முடிய முடிய அடுத்தது வருமா என்று பார்த்துக்கொண்டு இருக்க நேரும். இந்தக் காலம்தான் வீட்டில் சண்டை வரும் காலம், நான் பார்த்திருக்கிறேன். நிரந்தரமானால் தகுதிகாண் விரிவுரையாளர், பட்டமேற்படிப்பு முடித்துச் சிரேஷ்ட விரிவுரையாளர், அப்புறம்தான் பேராசிரியர். நாற்பதுகளில் பேராசிரியரானால் நல்ல வேகம் என்றே சொல்வேன்.

கலாநிதிப் படிப்புக்கு வெளிநாடு போகலாம். பொதுநலவாயப் புலமைப்பரிசில் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில கற்பித்தல் உதவியாளர் வேலை தந்து கட்டணத்தையும் விட்டுவிடும். இதற்கென்று முகவர் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு பையனின் வீட்டார் நகையை அடகு வைத்து ஒரு முகவரிடம் கொடுத்தார்கள். கடைசியில் அந்த விண்ணப்பத்தைப் பையனே இலவசமாக நிரப்பினான்.

பேராசிரியர் ஆகாவிட்டால்? அதற்குத்தான் முதல் வருடத்திலிருந்தே கணினி வரைபட வேலையைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள், ஜிஐஎஸ் என்பார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபை, இடர் முகாமைத்துவ நிலையம், தொண்டு நிறுவனங்கள் என்று அது தெரிந்தவர்களைத் தேடும் இடங்கள் உண்டு. ஆசிரியத் தொழிலும் நிர்வாக சேவைப் பரீட்சையும் எப்படியும் இருக்கிறது. ஆங்கிலமும் சிங்களமும் சேர்ந்து வரட்டும். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் பழைய காணிக் கோப்பைத் திறந்தால் எந்த மொழியில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

என் அபிப்பிராயம் கேட்டால், பாடத்தை மாற்றச் சொல்லாதீர்கள். அந்த அம்புக்குறிகளை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப வரும்போது உயர்தரப் பரீட்சை இசட் புள்ளித் தாளோடு அந்தக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். படத்தில் மூன்றாவது கரைவலைப் பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள், அது என்னவென்று நான் கேட்க மறந்துவிட்டேன்.