ஆன்டிபாடி இருக்கிறதே, மாத்திரை எதற்கு?

எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆகிறது என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் வந்திருக்க வேண்டிய விஷயம் அது. நாளைக் காலையே ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்துக்குப் போய், நிறுத்திய தேதியைச் சொல்லி, மறுபடி தொடங்குங்கள்.

உங்கள் ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியை (கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் புரதம்) வைத்துத்தான் தடுப்பூசியே செய்கிறார்கள், அதனால் மாத்திரை வேண்டாம் என்று யூடியூபில் யாரோ சொன்னதை நம்பி நிறுத்தியிருக்கிறீர்கள். பரிசோதனையில் தெரியும் ஆன்டிபாடி, வைரஸ் உள்ளே நுழைந்துவிட்டது என்பதற்குச் சாட்சி மட்டுமே. எச்.ஐ.வி.யின் மேலுறைப் புரதத்தைச் சர்க்கரை மூலக்கூறுகள் மூடியிருக்கின்றன. வைரஸும் ஓயாமல் உருமாறுகிறது. உடம்பு ஒரு ஆன்டிபாடியைத் தயாரித்து முடிப்பதற்குள் வைரஸ் அதன் பிடியிலிருந்து நழுவிவிடும்.

தொற்றிச் சில வருஷங்கள் கழித்து, சிலருக்கு மட்டும் பலவகை எச்.ஐ.வி.யையும் முடக்கும் ஆன்டிபாடி உருவாகிறது. 2010-ல் அறிவிக்கப்பட்ட வி.ஆர்.சி.01 அந்த வகை. சி.டி.4 என்ற எதிர்ப்பு சக்தி செல்லைப் பற்றிக்கொள்ள வைரஸ் பயன்படுத்தும் இடத்திலேயே அது போய் ஒட்டுகிறது. ஆனால் அது உருவாகும் நேரத்தில், அதே உடம்பில் இருக்கும் வைரஸ் பெரும்பாலும் அதற்குத் தப்பியிருக்கும். தொற்றுவதற்கு முன்பே கையில் இருந்தால்தான் பயன். தடுப்பூசி ஆராய்ச்சியின் நோக்கமே அதுதான்: அந்த ஆன்டிபாடியைத் தயாரிக்கக்கூடிய மூல பி செல்லைத் தட்டி எழுப்பி, அடுத்தடுத்த ஊசிகளால் படிப்படியாகப் பக்குவப்படுத்துவது. 2022-ல் வெளியான முதற்கட்டச் சோதனையில் ஊசி போட்ட 36 பேரில் 35 பேருக்கு மூல செல் எழும்பியது. அது முதல் படி, அவ்வளவுதான். இதெல்லாம் தொற்று இல்லாதவர்களுக்கான வேலை.

மாத்திரை இல்லாமலே வைரஸை அடக்குபவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. உங்கள் வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) அடங்கியிருந்தது மாத்திரையால். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் திரும்பிவிடும். வாழ்நாள் முழுக்கவா என்ற உங்கள் பயம் புரிகிறது. இன்றைய நிலையில் ஆமாம், தினம் ஒன்று.

ஒன்றைக் கவனியுங்கள்: கண் மஞ்சளானால், சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரையில் உள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்குபவை. அந்தத் தொற்றும் இருப்பவர் திடீரென நிறுத்தினால் கல்லீரல் கடுமையாக வீங்கலாம். உங்களுக்கு அந்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று மையத்தில் கேளுங்கள்.

நாலு கிலோ எடை கூடியதாக எழுதியிருக்கிறீர்கள், அதற்குப் பதற வேண்டாம். உங்கள் மாத்திரையில் உள்ள இன்னொரு மருந்தான டாலுடெக்ராவிரில் பலருக்கும் வருவதுதான். தூக்கம் கெட்டால் மாத்திரையைக் காலைக்கு மாற்றக் கேளுங்கள். நீங்கள் சொல்லும் ‘எதிர்ப்பு சக்திப் பொடி’யைத் தூக்கிப் போடுங்கள். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் சேர்த்து விழுங்கினால் டாலுடெக்ராவிர் உடம்பில் சரியாக ஏறாது. சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம். இல்லையென்றால் டாலுடெக்ராவிரை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போடுங்கள்.

வைரல் லோடு மறுபடி அடங்கியது என்று ரிப்போர்ட் வரும்வரை மனைவியோடு ஆணுறை கட்டாயம். இந்த நாட்களில் ஆணுறை இல்லாமல் சேர்ந்திருந்தால் அவரையும் உடனே அழைத்துப் போங்கள். தடுப்பு மாத்திரையைச் சேர்ந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும்.